கொஞ்சம் கேட்பவளும் கொஞ்சமும் கேளாதவனும்

சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பு ஒன்றில் எனக்கு இரண்டு பிள்ளைகள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியராக வாரம் ஒருமுறை அந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போகிறேன். போனதும் முதலில் பார்ப்பது இவர்கள் இருவரின் காதுகளைத்தான். அவள் வலது காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு வளைவில் ஒரு காது மிஷின். அவனுக்கும் காதுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. அதோடு, அதிலிருந்து ஒரு ஒயர் மேலேறி, தலையில் எட்டணா அகல வில்லை ஒன்றில் போய் முடிகிறது. வில்லை காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். தோலுக்கு அடியில் அதற்கு இணையான இன்னொரு காந்தம் இருக்கிறது. அவன் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளை.

அந்த ஆண்டு ஒரு நாள் இடைவேளையில் அவன் தலையிலிருந்து வில்லை கழன்று மண்ணில் விழுந்தது. வகுப்பே கத்தியது. “டீச்சர், அவன் மிஷின் கீழ விழுந்துடுச்சு!” தலைமையாசிரியை அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தார். அது லட்சக்கணக்கான ரூபாய்ச் சமாசாரம் என்பது சத்துணவு அக்கா வரைக்கும் தெரியும். தட்டித் துடைத்து ஒட்டவைத்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் திரும்பிய பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அதே நாள் மதியம் அவளுடைய மிஷினின் பேட்டரிக் கதவைத் திறந்தேன். பேட்டரி செத்திருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. அத்தனை நாளும் மிஷினை மாட்டிக்கொண்டு வந்து, டீச்சர் என்ன சொன்னாலும் தலையாட்டியிருக்கிறாள்.

இருவரில் யாருக்குக் குறை அதிகம் என்று கேட்டால் அவனுக்கு என்பதில் சந்தேகமே இல்லை. வில்லையைக் கழற்றிவிட்டால் காதருகே வெடி வெடித்தாலும் திரும்பமாட்டான். அவளோ மிஷின் இல்லாமலே பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்புவாள். ஆனால் வாசிப்பிலும் சொல்வதெழுதலிலும் அவள்தான் ஒரு வருஷம் பின்தங்கியிருக்கிறாள். இது இந்த ஒரு வகுப்பின் விசித்திரமோ என்று முதலில் நினைத்தேன். நான் போய்வரும் மற்ற பள்ளிகளிலும் இதே ஜோடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘மிஷின் நல்லதா, ஆபரேஷன் நல்லதா?’ என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த ஜோடியே பெரிய கேள்வியாகப் படுகிறது.

இருவரின் ஆடியோகிராம்களும் என் கோப்பில் இருக்கின்றன. கட்டம் போட்ட ஒரே தாள்தான். இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை. மேலிருந்து கீழாக டெசிபல். புள்ளி கீழே இறங்க இறங்கக் குறை அதிகம் என்று பொருள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. மனிதப் பேச்சின் ஒலிகளையெல்லாம் அந்தத் தாளில் குறித்தால் அவை ஒரு வாழைப்பழ வடிவில் விழும். அந்தப் பகுதியைச் செவியியல்காரர்கள் வாழைப்பழம் என்றே சொல்கிறார்கள்.

அவனுடைய குறிகள் எல்லாம் 95 டெசிபலுக்கும் கீழே, தாளின் அடித்தட்டில் கிடக்கின்றன. வாழைப்பழம் முழுதும் அவனுக்கு எட்டாத உயரத்தில். அவளுடைய கோடு இடப்பக்கம் 35-இல் தொடங்கிச் சரிவாக இறங்கி வலப்பக்கம் 65-இல் முடிகிறது. சராசரி 50. பழத்தின் இடப்பாதி கைக்கு எட்டும், வலப்பாதி எட்டாது. உயிரெழுத்துகளின் ஓசை, குரலின் ஏற்ற இறக்கம், பேசுவது ஆணா பெண்ணா என்பதெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சரக்கு. சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, ட, க போன்ற மெய்களின் கூர்மை வலப்பக்கத்துச் சரக்கு. பேசுகிறார்கள் என்பது அவளுக்குக் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது பாதிதான் கேட்கிறது.

காலை வழிபாட்டில் இந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது அவள் ராகம் பிசகாமல் பாடுவாள், வார்த்தைகள் குழைந்திருக்கும். அவன் ஒவ்வொரு வார்த்தையையும் தாளம் தப்பாமல் தெளிவாகச் சொல்வான், ராகம் மட்டும் இருக்காது, ஒப்பிப்பதுபோல் இருக்கும். ஆரோக்கியமான உட்காதில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் செய்யும் வேலையை அவனுக்கு ஒரு சில மின்முனைகள் செய்கின்றன. கம்பெனிக்குத் தக்கபடி 12, 16, 22. வார்த்தைக்கு அது போதும், ராகத்துக்குப் போதாது. ஆனால் வரிசையில் நிற்கும் ஆசிரியர்களுக்கு அவள் பாடுவது கேட்கிறது. “அவளுக்கு என்ன, நல்லாத்தானே பாடுறா!” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கருவிகளும் செய்வது அடிப்படையிலேயே வெவ்வேறு வேலை. காது மிஷின், அரசு ஆவணங்களின் மொழியில் காதொலிக் கருவி, ஒலியைப் பெருக்குகிறது. பெருக்கிய ஒலியை வாங்கிக்கொள்ள உள்ளே உயிரோடிருக்கும் செல்கள் வேண்டும். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுப் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு காலத்தில் பிள்ளைகள் மாட்டியிருந்த ‘பாக்கெட் மாடல்’ எல்லா ஒலியையும் ஒரே மாதிரி தூக்கிவிடும். பேச்சு கூடும்போது பஸ் ஹாரனும் கூடும். இன்றைய டிஜிட்டல் மிஷினில், கணினியில் இணைத்து, எந்த இடத்தில் எவ்வளவு தூக்குவது, எந்த அளவுக்கு மேல் அடக்குவது என்று ஒவ்வொரு காதுக்கும் அளந்து வைக்கலாம். பிள்ளை வளர வளரக் காதுக் குழாயும் வளர்கிறது. அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது பாதிப் பேருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

காக்ளியர் இம்ப்ளாண்ட் எதையும் பெருக்குவதில்லை. செத்துப்போன செல்களைத் தாண்டிப்போய் நேரே செவி நரம்பைத் தொடுகிறது. காதுக்குப் பின்னாலுள்ள பிராசஸர் ஒலியைப் பிரித்துக் குறிகளாக்கும். வில்லை அதை ரேடியோ அலையாகத் தோலுக்குள் அனுப்பும். நத்தைக் கூடுபோல இரண்டரைச் சுற்று சுற்றிய உட்காதுக்குள் நுழைத்துவைத்த மின்முனைகள் நரம்பைத் தூண்டும். அந்தச் சுற்றுக்குள் வளைந்து போகும் கம்பியை எப்படிச் செலுத்துவது என்பது 1970-களில் தீராத சிக்கலாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் 1977-இல் கடற்கரையில் ஒரு சங்கையும் புல் தண்டுகளையும் வைத்துக்கொண்டு முயன்று பார்த்தார். நுனி நெகிழ்வாகவும் அடி விறைப்பாகவும் இருக்கும் புல் தடையில்லாமல் உள்ளே போயிற்று. 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் தம் முதல் நோயாளிக்கு அந்த மாதிரிக் கம்பியைப் பொருத்தினார். அவருடைய தந்தையும் காது மந்தமானவர், மருந்துக்கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர்கள் அந்தரங்க மருந்துகளைக் கத்திக் கேட்க வேண்டியிருந்த சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

இனி, யாருக்கு எப்போது தெரிந்தது என்ற கதை. பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து, உட்காது திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைப் பிடிக்கும் ஓ.ஏ.இ. சோதனைக்குச் சில நிமிடம் போதும். அதில் தேறாவிட்டால் மூளைத்தண்டு வரை சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் பெரா. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அதற்கென இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் எல்லாக் குழந்தையும் இந்த வலையில் விழுவதில்லை.

அவன் ஒன்றேகால் வயதில் பிடிபட்டான். தீபாவளிக்கு வாசலில் சரம் வெடித்தபோது தூளியில் அசையாமல் தூங்கியதைப் பார்த்து ஆத்தாவுக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் சந்தேகம் வலுத்தது. பெரா எடுத்தார்கள், மறுமாதம் திரும்ப எடுத்தார்கள். சில மாதம் மிஷின் போட்டுப் பார்த்துப் பயனில்லை என்றானதும் அறுவைக்கு அனுப்பினார்கள். இரண்டரை வயதில் ஆபரேஷன். தையல் ஆறிச் சில வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன். வீடியோக்களில் வருவதுபோல் அவன் சிரிக்கவில்லை. வீறிட்டு அழுதான், வில்லையைப் பிடுங்கி எறிந்தான் என்று அவன் அம்மா சொல்வார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வாரம் இரண்டு நாள், பஸ் மாறி ஸ்பீச் தெரபிக்கு. நடுநடுவே மேப்பிங், அதாவது பிராசஸரின் அளவுகளைத் திருத்திவைப்பது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அடுப்பை அணைக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, “என்ன சத்தம்? குக்கர்! கேட்டியா?” என்று காதைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று அந்த அம்மாவுக்குப் பாடம். அந்த வருஷம் தன் வீட்டில் ஒரு நாளும் பருப்பு பதமாக வேகவில்லை என்பார்.

அவளோ குறைமாதத்தில் பிறந்து பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள். ஐந்து நாளுக்கு மேல் அங்கே இருந்த குழந்தைக்கெல்லாம் காதைச் சோதித்தே ஆக வேண்டும் என்பது விதி. அவளுடைய டிஸ்சார்ஜ் தாளைப் பின்னாளில் பார்த்தேன். கடைசி வரியில் செவிப் பரிசோதனைக்கு வரவும் என்று ஆங்கிலத்தில், கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது. யாரும் அதை வாய்விட்டுப் படித்துச் சொல்லவில்லை. பிறகு கூப்பிட்டால் திரும்பினாள், டி.வி. பாட்டுக்கு ஆடினாள். பேச்சு தாமதமானபோது, “அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி நாக்கில் வசம்பு தடவினார். பள்ளிக்கு வந்து, முதல் வகுப்பு ஆசிரியை ‘கவனம் இல்லை’ என்று என்னிடம் அனுப்பியபோது அவளுக்கு ஆறு வயது தாண்டியிருந்தது. முழுக் குறை சீக்கிரம் கண்ணில் படுகிறது, அரைக் குறை ஆறு வருஷம் ஒளிந்திருக்கிறது. மொழி வந்து குடியேறும் வருஷங்களும் அவைதான். இம்ப்ளாண்ட் வைப்பதற்கே மூன்றரை வயதுக்குள் என்றால் மூளை நன்றாக ஏற்கும் என்கிறார்கள். மூளைக்கு இருக்கும் அந்த அவசரம் மிஷின் போடுகிற பிள்ளைக்கும் பொதுதானே?

பணத்திலும் இதே கோணல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் இலவசம். அறுவைக்குப் பிந்தைய பயிற்சியும் அதில் அடக்கம். ஒன்றிய அரசின் உபகரண உதவித் திட்டத்திலும் இதற்கு வழியிருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்த அறுவை எட்டியது சாதாரண விஷயமல்ல, அவனே சாட்சி. ஆனால் சட்டத்தின் வரையறையைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 70 டெசிபல் குறை இருந்தால் காது கேளாதவர் என்கிறது. 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர் என்கிறது. அவளுடைய சராசரி 50. வாழைப்பழத்தில் பாதியை இழந்தவள் இந்த இரண்டு பெயரிலும் அடங்கமாட்டாள்.

அதனால் அவளுடைய அப்பா கம்மலை அடகு வைத்து மிஷின் வாங்கினார், ஒரு காதுக்கு மட்டும். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போட வேண்டும். ஒரு காதோடு இருப்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடாது, இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்கவும் முடியாது. விற்ற கடையில் ஒரு மதியம் அளவு வைத்து, “காலையில போடு, ராத்திரி கழட்டு” என்று சொல்லி அனுப்பினார்கள். தெரபி என்று ஒன்று உண்டு என்பதே அந்த வீட்டுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

மிஷினின் சின்னச் சின்ன உபத்திரவங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காதுக்குள் பொருந்தும் அச்சு இருக்கிறதே, இளஞ்சிவப்புக் களிம்பைக் காதில் பாய்ச்சி அளவெடுத்து வார்ப்பது, அது பிள்ளை வளர வளரத் தளர்ந்துவிடும். தளர்ந்தால் ஒலி கசிந்து திரும்ப மைக்குக்குள் போய்க் கீ...ச் என்று விசிலடிக்கும். வகுப்பு சிரிக்கும். பிள்ளை மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும். ஒரு புது அச்சு போதும். அதற்கு நகரத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய்வர வேண்டும். பேட்டரி இன்னொரு கதை. பட்டன் போன்ற துத்தநாகப் பேட்டரி, பின்னால் ஒட்டியிருக்கும் தாளை உரித்துக் காற்றுப் படவைத்தால் உயிர் வரும், ஒன்றிரண்டு வாரம் உழைக்கும். ஊர்ப் பெட்டிக்கடையில் வாட்ச் பேட்டரி கிடைக்கும், இது கிடைக்காது. வியர்வை வேறு. சித்திரை வைகாசியில் மிஷினுக்குள் ஈரம் இறங்கி மக்கர் பண்ணும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ராத்திரி வைக்க வேண்டும்.

அவன் கருவிக்கும் செலவு இல்லாமல் இல்லை. ஒயரோ வில்லையோ கெட்டால் ஆயிரங்கள், பிராசஸர் போனால் லட்சங்கள். அதை நினைத்து அவன் அப்பா தூக்கம் கெடுகிறார். ஆனால் அந்தப் பயத்தாலேயே அவனுடைய கருவியை எல்லாரும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். இரண்டு கருவியிலும் ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் ஓடியது என்று உள்ளே பதிவாகும். ஒரு முறை இரண்டையும் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள். அவனுக்குப் பதினோரு மணிநேரம், அவளுக்கு இரண்டு.

என் வேலையில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடத்துக்கு வருகிறேன்: அவளுடைய சொல்வதெழுதல் நோட்டு. ‘அக்கா வந்தான்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து, இலக்கணப் பிழை என்று எழுதியிருந்தார். இலக்கணம் தெரியாமல் வந்த பிழை இல்லை இது. பேச்சுத் தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் ஏறக்குறைய ‘வந்தா’தான், ஆணுக்குச் சொல்லும்போது கடைசியில் மூக்கில் ஒரு மெல்லிய அதிர்வு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை யாரும் சொல்லாமலே அந்த நூலிழையைப் பிடித்து ஆண்பால் பெண்பால் கற்றுக்கொள்கிறது. அவளுக்கு அந்த நூல் கையில் சிக்கவேயில்லை.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். ‘அண்ணன் தம்பி அடித்தான்’ என்றிருந்தது. அண்ணன் தம்பியை அடித்தானா, அண்ணனைத் தம்பி அடித்தானா? தமிழில் வார்த்தைகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் யார் யாரை என்பதைச் சொல்வது கடைசியில் ஒட்டும் உருபு. அதுவும் பேச்சில் ‘தம்பிய’ என்று தேய்ந்து, அழுத்தமில்லாமல், அடுத்த வார்த்தைக்குள் நழுவிவிடும். ஆங்கிலக் குழந்தைக்குப் பன்மை விகுதியான ‘ஸ்’ காதில் விழாமல் போவதைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. தமிழ்க் குழந்தைக்கு வேற்றுமை உருபு விழாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் இந்த நோட்டில்தான் படித்தேன். கதை புரியாது. கணக்கும் புரியாது, ‘ராமு சோமுவுக்கு ஐந்து மாம்பழம் கொடுத்தான்’ என்றால் யாரிடம் மிச்சம்?

உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாமே என்பார்கள். ‘படம்’, ‘மடம்’ இரண்டையும் கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒன்றேபோல்தான் அசையும். க, ங எல்லாம் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அவனுக்கு உருபுகளை உட்கார்ந்து கற்பித்திருக்கிறார்கள். தெரபிஸ்ட் ‘பந்தை எடு, பந்தால் அடி, பந்தில் உட்கார்’ என்று பொம்மைகளை வைத்து நூறு தடவை விளையாடியிருக்கிறார். அவன் பேச்சில் குரல் தட்டையாக இருக்கும், கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும். ஆனால் ‘அண்ணன் தம்பியை அடித்தான்’ என்று முழுசாகச் சொல்வான். வேடிக்கை என்னவென்றால் அந்த வகுப்பில் ‘ழ’வைச் சரியாக உச்சரிப்பவன் அவன் ஒருவன்தான். மற்ற முப்பது பேருக்கும், டீச்சரையும் சேர்த்து, பழம் ‘பளம்’தான்.

வகுப்பறையில் இருவருக்கும் எதிரி ஒன்றே: தூரமும் இரைச்சலும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் டீச்சர் குரல் நான்கு மீட்டர் தள்ளி 53 ஆகிவிடும். அதன் மேல் மின்விசிறியின் கடகடப்பு, தடுப்புக்கு அந்தப்பக்கம் நான்காம் வகுப்பின் வாய்ப்பாடு. காது குறைந்த பிள்ளைக்கு டீச்சர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். நம் வகுப்பறைகளில் பல நேரம் இரண்டும் சமமாக நிற்கின்றன. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து குழுவாகப் படிக்கிறார்கள். எல்லார் முகமும் தெரிவது இவர்கள் இருவருக்கும் லாபம், ஐந்து குழுவும் ஒரே நேரத்தில் பேசுவது நஷ்டம். எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும். இருந்தாலும் அந்த அறையில் நின்றால் என் காதே அடைத்துக்கொள்கிறது.

டீச்சர் கழுத்தில் ஒரு மைக் மாட்டி, அவர் குரல் நேரே பிள்ளையின் கருவிக்குள் போகும்படி செய்யலாம். இரண்டு கருவிக்கும் அது பொருந்தும். தூரம் என்பதே இல்லாமல் போய்விடும். அதன் விலையைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். எனவே நாங்கள் கையில் கிடைத்ததைச் செய்தோம். அவளை ஜன்னலோரத்திலிருந்து கிளப்பி, மிஷின் போட்ட வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தோம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதை விடும்படி டீச்சரைக் கெஞ்சினேன். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள் என்றேன். முதல் கேள்விக்குத் தலையாட்டத் தெரியும் அவளுக்கு. இரண்டாவதுக்கு ஆட்ட முடியாது.

இன்னொன்று ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்ற கல்வியாளர் ஏற்படுத்தியது. வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறும் வாழைப்பழத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டுவிடும். ‘ஈ’ என்றால் பிள்ளை ‘ஊ’ என்கிறதா? வலப்பக்கத்து ஒலி போய்ச் சேரவில்லை. எதுவுமே இல்லையா? பேட்டரியைப் பார். ஒரு நிமிட வேலை, காசு செலவில்லை. அவனுக்கு அவன் அம்மா தினமும் காலையில் செய்து அனுப்புகிறார். அவளுக்கு வகுப்பில் செய்ய ஏற்பாடு செய்தோம்.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி காது கேளாத பிள்ளைகளுக்கென்றே இன்றுவரை நடக்கிறது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா வேறு வழியில் போனது: கைக்குழந்தையிலேயே சேர்த்து, அம்மாவையும் வகுப்பில் உட்காரவைத்து, பேச்சும் கேட்டலும் பழக்கி, ஐந்தாறு வயதில் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது. கட்டணம் கிடையாது. மிஷினை மட்டுமே நம்பி, இம்ப்ளாண்ட் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கடுமையான குறையுள்ள பிள்ளைகளை அந்தப் பள்ளி பேசவைத்திருக்கிறது. கருவியின் விலைக்கும் பிள்ளையின் மொழிக்கும் நேர் விகிதம் கிடையாது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். மிஷினும் இம்ப்ளாண்டும் நேரத்தில் கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டு வயதில் வந்து நிற்பவனுக்குப் பேச்சை மட்டுமே காட்டிக் காக்கவைப்பது அநியாயம். சைகை மொழி ஒரு முழு மொழி. 2015-இல் அதற்கென இந்திய ஆய்வு, பயிற்சி மையமே வந்துவிட்டது. ‘சைகை காட்டினால் பேச்சு வராது’ என்று இன்றும் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் அவளுக்கு அந்த உலகமும் அந்நியம். கேட்பவர்கள் கூட்டத்தில் முழுதாக இல்லை, கேளாதோர் கூட்டத்தில் சேர்க்க யாரும் நினைப்பதுமில்லை.

இந்த ஜூனில் இருவரும் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். அவளுக்கு இடது காதுக்கும் ஒரு மிஷின் கிடைத்திருக்கிறது. அரிமா சங்கத்துக்காரர் ஒருவர் கொடுத்தார். நோட்டில் ‘தம்பியை’ வந்திருக்கிறது, ‘அக்கா வந்தான்’ இன்னும் போகவில்லை. போன வாரம் வகுப்புக்குள் நுழைந்தபோது புதிய டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவள் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, அந்தத் தட்டையான, தெளிவான குரலில் சொன்னான்:

“டீச்சர், அவளுக்கு பேட்டரி போயிடுச்சு.”